தெய்வப் படைக்கலங்களின் விலை: கம்பராமாயணமும் வில்லிபாரதமும் காட்டும் போர்க்களங்கள்

ஆய்வுச் சுருக்கம்

இதிகாசப் போர்களில் இடம்பெறும் தெய்வப் படைக்கலங்கள் பெரும்பாலும் வியப்புச் சுவைக்குரியனவாகவோ, பத்தி நோக்கில் தெய்வ வல்லமையின் அடையாளங்களாகவோ மட்டுமே விளக்கப்பட்டு வந்துள்ளன. அப்படைக்கலங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை விதிக்கப்பட்டுள்ளது என்பதும், போரின் திருப்பங்கள் படைக்கலத்தின் ஆற்றலைவிட அவ்விலையாலேயே நிகழ்கின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. கம்பராமாயண யுத்த காண்டம், வில்லிபாரதம் ஆகியவற்றையும், ஒப்பீட்டுக்காக வான்மீகம், வியாச பாரதம் ஆகியவற்றையும் கொண்டு அவ்விலையின் இயல்பையும், அதனைச் செலுத்துவோர் யார் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தெய்வப் படைக்கலம், அத்திரம், யுத்த காண்டம், வில்லிபாரதம், காண்டீபம், கன்னன், இந்திரசித்து, போர் அறம்.

முன்னுரை

சங்கப் புறப்பாடல்களில் போர்க்கருவி மனிதன் செய்த கருவியாகவே உள்ளது. வேலும் வாளும் கொல்லன் உலைக்களத்தில் பிறந்து, களத்தில் நுனி சிதைந்து, மீண்டும் அக்கொல்லனிடமே திரும்புகின்றன. தொண்டைமானின் படைக்கொட்டிலில் நெய் பூசி அழகுபெற விளங்கும் கருவிகளையும், போரிட்டு முனை முறிந்து கொற்றுறையில் கிடக்கும் அதியமானின் கருவிகளையும் ஒப்பிட்டு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (95) இதற்குத் தக்க சான்றாகும். அவ்வுலகில் போரின் விலை வீரனின் உடலிலும் கருவியின் இரும்பிலும் நேரடியாகத் தெரிகிறது.

இதிகாசங்களைத் தழுவி எழுந்த தமிழ்க் காப்பியங்களில் நிலை வேறு. அங்கு வேந்தர் இருவர் பொரும்போது, மந்திரத்தால் ஏவப்படும் படைகள் களத்தை ஆள்கின்றன. ஒரே கணையால் ஒரு படை முழுவதும் வீழ்கிறது. மருந்து மலையால் அப்படை மீண்டும் எழுகிறது. இத்தகைய போரில் விலை என்பதே இல்லாமல் போய்விடுகிறது என்ற எண்ணம் தோன்றுதல் இயல்பு. இறந்தவர் எழக்கூடுமாயின் இழப்புக்குப் பொருள் ஏது என்ற வினாவும் எழும். காப்பியப் புலவர்கள் இவ்வினாவை அறியாதவர்கள் அல்லர். ஆற்றல் மிகுந்த படைக்கலத்திற்கு அதற்கேற்ற விலையையும் அவர்கள் வைத்துள்ளனர்.

மிகுபுனைவு இலக்கியம் குறித்த இன்றைய உரையாடல்களில், மந்திர ஆற்றலைவிட அதன் வரம்புகளே கதைக்கு உயிரூட்டுவன என்னும் கருத்து முதன்மை பெற்றுள்ளது. அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இதனை ஒரு விதியாகவே வகுத்துள்ளார். இக்கருத்து கதைநுட்பம் சார்ந்தது. இதிகாச மரபில் விலை என்பது கதைநுட்பத்தோடு நில்லாமல் அறவினாவாகவும் விரிகிறது.

அத்திரமும் அதன் மூவகை விலையும்

கையில் ஏந்திப் பொருவதைச் சத்திரம் என்றும், மந்திரம் செபித்து ஏவுவதை அத்திரம் என்றும் வடமொழி மரபு பிரித்துரைக்கும். தமிழ்க் காப்பியங்கள் அத்திரத்தை அதற்குரிய தெய்வத்தின் பெயரால் நான்முகன் படை, நாராயணப் படை, பாசுபதம் என வழங்குகின்றன. இவ்வழக்கே பொருள் பொதிந்தது. படை தெய்வத்திற்கு உரியது. வீரன் அதனைச் சில கட்டுப்பாடுகளோடு பெற்றுக் கையாள்பவன் மட்டுமே. ஆகவே அத்திரத்தை உடைமை என்பதைவிடக் கடன் என்பதே பொருந்தும்.

இக்கடனின் விலை மூன்று நிலைகளில் செலுத்தப்படுகிறது. முதலாவது, பெறும்போது கொடுப்பது. தவம், உடலுறுப்பு, குருவுக்குரிய பணிவு ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, ஏவும்போது விதிக்கப்படும் வரம்பு. ஒருமுறைக்கு மேல் ஏவலாகாது, எளியார்மீது விடலாகாது, விட்டதை மீட்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பன போன்றவை இவ்வகையின. மூன்றாவது, ஏவிய பின்னர் வந்துசேரும் பழி. இம்மூன்றாம் விலையைப் பெரும்பாலும் ஏவியவன் கொடுப்பதில்லை, வேறொருவர் கொடுக்கின்றனர். இவ்வேற்றுமையே ஆய்வுக்குரியது.

காண்டீபமும் காண்டவ வனமும்

பாண்டவர் தரப்பின் தலைசிறந்த படைக்கலம் அருச்சுனனின் காண்டீபம். அது தவத்தால் கிடைத்ததன்று. காண்டவ வனத்தை உண்ண விரும்பிய அக்கினி, அதற்குத் துணைநிற்குமாறு கண்ணனையும் அருச்சுனனையும் வேண்டுகிறான். அவ்வுதவிக்காக வருணனிடமிருந்து காண்டீபம், அம்பு குறையாத தூணிகள், தேர் ஆகியவற்றைப் பெற்றுத் தருகிறான். காட்டிலிருந்து தப்பியோட முயன்ற உயிர்கள் எரியில் மாள்கின்றன. தக்கனின் மகன் அசுவசேனன், மயன், சாரங்கப் பறவைகள் நான்கு ஆகியோரே பிழைத்தனர் என வியாச பாரதம் கூறும். வில்லிபுத்தூரார் இந்நிகழ்ச்சியைக் காண்டவ தகனச் சருக்கம் எனத் தனிச் சருக்கமாகப் பாடியுள்ளார்.

காண்டீபத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது ஒரு காடு. அவ்விலையைக் கொடுத்தவர்கள் வில்லைப் பெற்றவர்கள் அல்லர். இக்கணக்கு அங்கே முடிந்துவிடவுமில்லை. காண்டவ வனம் எரிந்தபோது தாயை இழந்த அசுவசேனன், பல ஆண்டுகள் கழித்துக் கன்னனின் நாகக்கணையில் புகுந்து அருச்சுனனின் தலையைக் குறிவைக்கிறான். பாண்டவரின் பெரும்படைக்கலத்திற்குக் கொடுக்கப்பட்ட விலையே கௌரவர் தரப்பின் பெரும்படைக்கலமாகத் திரும்புகிறது. ஒன்றோடொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் இரு நிகழ்ச்சிகளையும் இணைப்பது இக்கடன் கணக்கே ஆகும்.

காண்டீபத்தின் இறுதியும் இதனை உறுதிப்படுத்துகிறது. வியாச பாரதத்தின் மௌசல பருவத்தில், துவாரகையின் மகளிரை அழைத்துவரும் அருச்சுனன் வழிப்பறி செய்வோரை எதிர்க்கிறான். தூணியில் அம்பு தீர்கிறது. அத்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. பின்னர் அக்கினி தோன்றி, வில்லை வருணனுக்கே திருப்பித் தருமாறு கூறுகிறான். இரவலாக வந்த ஆற்றல் உரியவனிடமே சென்று சேர்கிறது. சௌப்திக பருவத்தோடு நிறைவுறும் வில்லிபாரதத்தில் இப்பகுதி இடம்பெறவில்லை.

கன்னனின் வேல்: விற்கப்பட்ட உடல்

விலையின் முதல் நிலையைக் கன்னனைப்போல் முழுமையாகச் செலுத்தியவர் இதிகாசத்தில் எவருமில்லை. பிறக்கும்போதே உடலோடு ஒட்டியிருந்த கவசத்தையும் குண்டலங்களையும் அந்தண வடிவில் வந்த இந்திரனுக்கு அரிந்து கொடுக்கிறான். வியாச பாரதத்தில் கதிரவன் முன்னரே கனவில் எச்சரிக்கிறான். கொடுப்பதைத் தடுக்க இயலாதெனக் கண்டு, ஈடாகச் சத்தியைக் கேட்டுப் பெறுமாறு அறிவுறுத்துகிறான். இந்திரனும் அதனை நிபந்தனையுடனேயே தருகிறான். ஒரு பகைவனைக் கொன்றபின் அது தன்னிடமே மீளும். உயிருக்கு இடர் நேராதபோது கவனமின்றி விட்டால் கன்னன் மீதே பாயும்.

தன்னைக் காக்கும் கவசத்தைக் கொடுத்துப் பிறரைக் கொல்லும் கருவியைப் பெறும் இப்பரிமாற்றத்தில் ஒரு முரண் உள்ளது. கவசம் என்றும் நிலைப்பது. சத்தி ஒருமுறைக்கு உரியது. அந்த ஒருமுறையும் கன்னன் எண்ணியவாறு அமையவில்லை. பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் கௌரவப் படையைச் சூறையாடும்போது, அருச்சுனனுக்கெனக் காத்துவைத்த சத்தியை அவன்மேல் விடுமாறு கன்னன் நெருக்கப்படுகிறான். கடோற்கசன் வீழ்கிறான். பாண்டவர் அழுதுகொண்டிருக்கக் கண்ணன் மட்டும் மகிழ்ந்து ஆடியதாக வியாச பாரதம் கூறுகிறது. அருச்சுனனின் உயிர் காக்கப்பட்டது என்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம்.

இவ்விடத்தில் விலையைச் செலுத்தியவன் இடிம்பியின் மகன், காட்டில் பிறந்தவன், அரசுரிமைப் பூசலில் தனக்கெனப் பங்கு எதுவும் இல்லாதவன். காண்டவத்தில் தொடங்கிய வரிசையில் அவனும் சேர்கிறான். பெரும்படைக்கலங்களின் விலை காட்டின் பக்கமே சாய்ந்து விழுவதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே காட்டுகின்றன.

வில்லிபுத்தூரார் கவச குண்டலம் பெறும் நிகழ்ச்சியை இடம் மாற்றி அமைத்துள்ளார். வியாசர் வனபருவத்தில் வைத்ததை அவர் உத்தியோக பருவத்தில், கிருட்டிணன் தூதுச் சருக்கத்தில் கொணர்கிறார். இந்திரனை அனுப்புபவனாகவும் கண்ணனையே காட்டுகிறார். இம்மாற்றத்தால் விலை கேட்பவன் யார் என்பது தெளிவாகிறது. வியாசரில் மகன்மேல் கொண்ட அன்பால் இந்திரன் செய்த சூழ்ச்சி, வில்லியில் போருக்கு முன்னரே திட்டமிடப்பட்ட படைக்குறைப்பாக மாறுகிறது.

அரவக்கணை: வாக்கின் விலை

இத்திட்டத்தின் மறுபாதி குந்தி வழியாக நிறைவேறுகிறது. வியாச பாரதத்தில் குந்தி கன்னனைக் காணும்போது, அருச்சுனன் ஒழிந்த மற்றை நால்வரைக் கொல்வதில்லை என்ற உறுதியை மட்டுமே அவன் தருகிறான். வில்லிபாரதத்தில் கண்ணனின் ஏவலால் குந்தி மேலும் ஒரு வரம் கேட்கிறாள். அருச்சுனன்மேல் அரவக்கணையை ஒருமுறைக்கு மேல் தொடுக்கலாகாது என்பதே அவ்வரம்.

இவ்வொரு சேர்க்கையால் பதினேழாம் நாள் போரின் பொருளே மாறிவிடுகிறது. கண்ணன் தேரை அழுத்த, கணை தலை தப்பி முடியைக் கவர்கிறது. மீண்டும் தன்னைத் தொடுக்குமாறு நாகம் வேண்டுகிறது, கன்னன் மறுக்கிறான். வியாசரில் இம்மறுப்புக்குக் காரணம் வீரச் செருக்கு. பிறர் வலிமையை நம்பி வெல்ல அவன் விரும்பவில்லை. வில்லியில் காரணம் தாய்க்குத் தந்த வாக்கு. ஒரே செயல் முன்னதில் மறக்குணமாகவும் பின்னதில் அறக்கடனாகவும் அமைகிறது.

வில்லியின் கன்னன் தன்னை அழிக்கவல்ல நிபந்தனையை அறிந்தே ஏற்கிறான். பெற்றவுடன் ஆற்றிலிட்ட தாய், போருக்கு முன் வந்து தாய்மையை ஈடாக வைத்து ஒரு படைக்கலத்தைச் செயலிழக்கச் செய்கிறாள். கவசத்தின் விலையாக வேல் கிடைத்தது; வாக்கின் விலையாக மகன் என்னும் பெயர் கிடைக்கிறது. இறுதியில் அந்தண வடிவில் வரும் கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் குருதியால் தாரை வார்க்கும்போது, கொடுப்பதற்கு அவனிடம் எஞ்சியிருப்பது ஏதுமில்லை. உடலில் ஒட்டிய கவசம், இந்திரன் தந்த வேல், நாகக்கணை, செய்த அறத்தின் பயன் என ஒவ்வொன்றாக நீங்கிய பின்னரே அவன் வீழ்கிறான். கன்னன் ஊழால் தோற்றான் என்று பொதுவாகக் கூறுவது இவ்வமைப்பின் நுட்பத்தை மறைத்துவிடும். அவன் தோல்வி, தெரிந்தே செலுத்திய விலைகளின் கூட்டுத்தொகை ஆகும்.

இந்திரசித்து: விடுத்தவனும் விடாதவனும்

கம்பராமாயணத்தின் ஆறு காண்டங்களுள் அளவால் மிகப் பெரியது யுத்த காண்டம். அதில் இராமனுக்கும் இராவணனுக்கும் இடையிலான போரின் பெரும்பகுதியை அத்திர வலிமையால் நடத்துபவன் இந்திரசித்து. நாகபாசப் படலம், பிரமாத்திரப் படலம், நிகும்பலை யாகப் படலம் ஆகிய மூன்றும் அவன் பயன்படுத்தும், பயன்படுத்த முயலும் ஆற்றல்களைப் பெயராகவே கொண்டுள்ளன.

பிரமாத்திரப் படலத்தில் இலக்குவன் இந்திரசித்தின்மேல் நான்முகன் படையை விட எண்ணுகிறான். அது உலகையே அழிக்கும் எனக் கூறி இராமன் தடுக்கிறான். வான்மீகத்திலும் இராமன் தடுக்கிறான்; ஆயினும் அங்கு அவன் கூறும் காரணம், ஒருவன் பொருட்டு அரக்கர் அனைவரையும் கொல்லுதல் தகாது என்பதாகும். கம்பனில் அக்காரணம் உலகம் முழுவதையும் தழுவி விரிகிறது. பகைவர் கருத்தை அறிந்த இந்திரசித்து களத்தினின்று மறைகிறான். அவர்கள் விடத் தயங்கியதைத் தான் முந்தி விடுவதற்கு வேள்வி இயற்றுகிறான். மகோதரனின் மாயப்போரால் இலக்குவன் கவனம் திசைதிரும்பியிருக்கும் வேளையில் அக்கணை பாய்கிறது; இலக்குவனும் வானரப் படையும் வீழ்கின்றனர். படைக்கலங்களுக்குப் பூசனை இயற்றச் சென்றிருந்தமையால் இராமன் அவ்வேளை களத்தில் இல்லை. தெய்வப் படைகள் தமக்குரிய வழிபாட்டையும் ஒரு விலையாகப் பெறுகின்றன என்பதைக் கம்பன் இங்குக் குறிப்பாக உணர்த்துகிறான்.

மேலோட்டமாக நோக்கின், தடுத்தது தவறென்றும் முந்தியது வெற்றியென்றும் தோன்றும். விடாதிருந்ததன் விலை ஒரு படையின் வீழ்ச்சி. காப்பியம் அவ்விலையை மறைக்கவுமில்லை. இராமனின் புலம்பலாக அதனை விரித்தே பாடுகிறது. பொறுமைக்கும் விலை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே கம்பன் அதன் மதிப்பைக் காட்டுகிறான்.

அம்மதிப்பைக் கூறும் வாயும் இராமன் தரப்பினதன்று. நிகும்பலை வேள்வி சிதைந்த பின்னர் புண்பட்ட உடலோடு தந்தையிடம் வரும் இந்திரசித்து, தன் படைகள் பயனற்றுப்போனதை எடுத்துரைக்கிறான். முன்னைப் போரில் இலக்குவன் தன்மேல் நான்முகன் படையை விடாதிருந்தது உலகுக்கு அஞ்சியே எனவும், சீதைமேல் வைத்த ஆசையை விடுதலே தக்கது எனவும் கூறுகிறான். விடாமையின் பயனாக வெற்றிவாய்ப்பைப் பெற்றவன், அவ்விடாமையே பகைவனின் மேன்மை என உணர்ந்து உரைக்கும் இடம் இது. அத்திரத்தை ஏவத் துணிந்தவனே, ஏவாதவனின் ஆற்றல் பெரிதென ஒப்புகிறான்.

இராவணன் அவ்வுரையை ஏற்கவில்லை. பிறர் வலிமையை நம்பி இப்பகையைத் தேடிக்கொள்ளவில்லை என்கிறான். ஆனால் அவன் ஆற்றலோ நான்முகன் அளித்த மூன்று கோடி வாழ்நாள், சிவன் அளித்த வாள், தவத்தால் பெற்ற வரங்கள் எனப் பெற்றவற்றால் ஆனது. சடாயுவின் சிறகை அரிந்ததும் அவ்வாளே. இராவணன் வதைப் படலத்தில் இராமனின் கணை அவன் வாழ்நாளையும் தவத்தையும் வரத்தையும் திசைகளை வென்ற வலிமையையும் ஒருங்கே பருகியதாகக் கம்பன் பாடுவது, கடன்கள் யாவும் ஒரே நேரத்தில் தீர்க்கப்பட்டதைப் போன்ற அமைப்பாகும். இறுதியில் நான்முகன் படையையே இராமன் விடுகிறான். படை அதுவே ஆயினும், மாற்று வழிகள் யாவும் தீர்ந்த பின்னர் ஒருவனை மட்டும் குறித்து விடப்படுவதால் அதன் அறநிலை வேறுபடுகிறது.

இலங்கையில் அவ்விலையை முன்னரே செலுத்தத் தொடங்கியோர் மகளிர். அதிகாயனை இழந்த தானியமாலையின் அழுகையும், இந்திரசித்தை இழந்த மண்டோதரியின் அழுகையும் போர்ப் படலங்களுக்கு இடையே இடம்பெறுவது தற்செயலன்று. மருந்து மலை வானரரை எழுப்பியது. இலங்கைக்கு அத்தகைய மருந்து இல்லை.

அசுவத்தாமன்: பிறவாதோர்மேல் விழுந்த விலை

ஏவிய பின்னர் வரும் விலையின் எல்லையை வியாச பாரதத்தின் சௌப்திக பருவம் காட்டுகிறது. போர் முடிந்த நிலையில் அசுவத்தாமன் பிரமசிரப் படையை விடுகிறான். அருச்சுனன் எதிர்ப்படை விடுகிறான். இரண்டும் மோதாமல் மீட்டுக்கொள்ளுமாறு நாரதரும் வியாசரும் கூற, நோன்பின் தூய்மையால் அருச்சுனன் மீட்கிறான். அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. ஏவ அறிந்து மீட்க அறியாமையே அவன் குறை. அப்படை பாண்டவர் குல மகளிரின் கருக்கள்மேல் செலுத்தப்படுகிறது. இறந்து பிறக்கும் பரீட்சித்து கண்ணனால் உயிர்பெறுகிறான். பிரமசிரப் படையை மற்றொரு பெரும்படை தடுக்கும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பெய்யாது என்றும் அப்பருவம் எச்சரிக்கிறது.

அசுவத்தாமனும் தண்டனை பெறுகிறான். நெற்றி மணியை இழந்து மூவாயிரம் ஆண்டுகள் தனித்து அலையுமாறு சபிக்கப்படுகிறான். ஆயினும் முதலில் விலை கேட்கப்பட்டது பிறவாத கருவிடம். மழையற்ற நிலம் என்னும் எச்சரிக்கையும் போரில் ஈடுபடாத உழவரையும் உயிரினங்களையுமே சுட்டுகிறது. காண்டவ வனத்தில் தொடங்கிய வரிசை இங்குக் கருவறையையும் வயலையும் எட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. இதிகாசக் காப்பியங்களில் தெய்வப் படைக்கலம் வீரனின் உடைமையாக இல்லாமல் நிபந்தனையோடு கூடிய கடனாகவே அமைந்துள்ளது. கன்னன், இந்திரசித்து, அசுவத்தாமன் ஆகியோரின் வரலாறுகளில் திருப்பம் நிகழ்வது படையின் ஆற்றல் குறைவதால் அன்று; அதன் விலை கேட்கப்படும் வேளையிலேயே நிகழ்கிறது. வில்லிபுத்தூரார் கவசம் பெறும் நிகழ்ச்சியை இடம் மாற்றியும், குந்தியின் வரத்தில் அரவக்கணையைச் சேர்த்தும் அவ்விலையைக் கன்னன் அறிந்தே ஏற்ற அறக்கடனாக்கியுள்ளார். கம்பன், ஏவாமையின் இழப்பை முழுமையாகக் காட்டி, அதன் பெருமையைப் பகைவன் வாயாலேயே கூறவைத்துள்ளான்.

இவை யாவற்றுக்கும் மேலாக, விலையைச் செலுத்துவோர் யார் என்னும் வினாவைக் காப்பியங்கள் விடாது எழுப்புகின்றன. எரிந்த காடு, இடிம்பியின் மகன், இலங்கையின் தாயர், உத்தரையின் கரு ஆகிய அனைத்தும் வேந்தர்களின் பூசலுக்குப் புறத்தே நிற்பவை. வெற்றியைப் பாடும் நூல்களே இவர்களுக்கும் இடம் தந்துள்ளமையால், இதிகாசப் போர்ப் படலங்களை வீரச்சுவையோடு நிறுத்தாமல், ஆற்றலைப் பெறுபவனுக்கும் அதன் விலையைக் கொடுப்பவனுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிடும் பனுவல்களாகவும் பயிலுதல் பொருந்தும். அவ்வகையில் கண்டால், உலகுக்கு அஞ்சி ஒரு கணையைத் தொடுக்காது விட்ட இலக்குவனின் செயல், யுத்த காண்டத்தில் தொடுக்கப்பட்ட கணைகள் பலவற்றினும் உயர்ந்து நிற்கிறது.